கட்டளை போகாத காவலரண்

"இளையதம்பி அண்ணை, உந்த ஒரு விதியை மட்டும் மாத்துவம். கும்பிட்டுக் கேக்கிறன்."

நாலு மாதமாய்ச் சொல்லிச் சொல்லி என்ரை தொண்டைத்தண்ணி வத்திப்போச்சு. மனுசன் அசையவேணுமே!

கோப்பாயிலை அவரின்ரை வீட்டு மேசையிலை நாங்கள் மூண்டு பேரும் சேர்ந்து செய்த சண்டை விளையாட்டு அது. மட்டையிலை வரைபடம், படைக்குப் பதிலாய்ச் சட்டைப் பொத்தான். கனடாவிலை ஒரு கொம்பனி அச்சடிக்கச் சம்மதம். ஒரே ஒரு குறைதானாம். தளபதி கட்டளை குடுத்தாலும், தாயக்கட்டையிலை அஞ்சோ ஆறோ விழுந்தால்தான் அது படைக்குப் போய்ச் சேரும். "உதிலை மூளைக்கு வேலையில்லை, முழுக்க அதிட்டம்" எண்டு எழுதிப்போட்டாங்கள்.

"மூண்டு விழுந்தாலே போகும் எண்டு வைப்பம் அண்ணை. அதிட்டமும் இருக்கும், கெட்டித்தனமும் இருக்கும்."

"ஏலாது வாகீசன். அச்சடிக்காட்டில் விடட்டும்."

பிடிவாதம் எண்டால் இதுதான் பிடிவாதம்!

அதுக்குள்ளை எங்கடை மூண்டாவது ஆள் சிமியோன் அண்ணையும் ஞாயிறு பூசை முடிஞ்சு குருநகரிலையிருந்து சைக்கிளிலை வந்திட்டார். விளையாடத் துவங்கினம். அவரின்ரை படை ஒண்டு கரையோரக் காவலரணிலை வளைபட்டுப்போச்சு. பின்வாங்கச் சொல்லி உருட்டினார். ரெண்டு. திரும்ப உருட்டினார். ஒண்டு. மூண்டாந்தரமும் போகேல்லை. நான் பொத்தானை எடுத்து வெளியிலை வைச்சன்.

"நீ பாத்தனிதானே தம்பி? நான் அனுப்பினனான். போகேல்லை."

கண் கலங்கிப்போச்சு மனுசனுக்கு. ஒரு பொத்தானுக்கு!

அவர் வெளிக்கிட்டதுதான் தாமதம், நான் பாய்ஞ்சன்.

"உங்கடை விதியாலை அந்தாள் அழுதுகொண்டு போகுது. உங்களுக்கு ஈவிரக்கமே இல்லையோ?"

இளையதம்பி அண்ணை நான் வெளியிலை வைச்ச பொத்தானை எடுத்து உள்ளங்கையிலை வைச்சார்.

"சண்டைக்காலத்திலை அவன்தான் வோக்கிடோக்கி செற்றிலை இருந்தவன். பின்வாங்கச் சொல்லி என்ரை தம்பியின்ரை காவலரணுக்கு அறிவிக்கவேணும். தம்பியோடை சேர்த்து அங்கை ஒன்பது பேர். ஒருத்தரும் திரும்பேல்லை. 'செற் வேலை செய்யேல்லை, நான் அனுப்பியும் போகேல்லை' எண்டு இண்டைக்கும் அதையேதான் சொல்லுறான். ரெண்டு தரம் சாகப் போனவன். பெண்சாதி லவீனாதான் இழுத்துப் பிடிச்சவ."

எனக்கு வெக்கமாய்ப் போச்சு.

"அப்ப, சரியாய் அனுப்பினாலும் போகாமல் விடும் எண்டு அவருக்குக் காட்டத்தான் அந்த விதியோ?"

"ஓம். கிழமையிலை ஒரு நாளெண்டாலும் அவன் நித்திரை கொள்ளட்டும்."

"அதுவும் சரிதானே அண்ணை. செற் பழுதெண்டால் அவர் என்ன செய்யிறது, பாவம்?"

அண்ணை தலையை ஆட்டினார்.

"செற் பழுதில்லை, வாகீசன். அவன் பயத்திலை அனுப்பாமலே ஓடினவன். அவனுக்குப் பக்கத்திலை நிண்டு தப்பின ஒருத்தன் எனக்கு எப்பவோ சொல்லிப்போட்டான். எனக்குத் தெரியும் எண்டு மட்டும் அவனுக்குத் தெரியக்கூடாது."