எட்டு மணி நேயர் விருப்பம்

புது இணைய ரேடியோவைப் பொருத்தியபோது அது ஒரு கேள்வி கேட்டது: "வீட்டில் பேசுவதைக் கேட்டு, உங்கள் சார்பில் நேயர் விருப்பம் அனுப்பலாமா?" தணிகாசலம் சரியாகப் படிக்காமல் 'ஆம்' என்று அழுத்தித் தொலைத்தான். நேற்று எட்டு மணி நேயர் விருப்பத்தில், இதே ரேடியோ வாங்கிய எதிர்வீட்டின் சண்டை பாட்டாக வந்து தெருவே சிரித்தபோதுதான் உறைத்தது.

வேலை போய்ப் பதினெட்டு நாள் ஆகிறது. கோமளாவிடம் எப்படிச் சொல்வது என்று, அவள் குளிக்கும்போதெல்லாம் அவன் ஒத்திகை பார்த்தது இந்த ரேடியோவின் முன்னால்தான்.

மணி எட்டாகப் போகிறது. அந்த 'ஆம்'-ஐ மாற்றக் கடவுச்சொல் கேட்டது; அது மறந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கினான். பாட்டரியில் பாடியது.

"ஏங்க, அதைப் போய் ஏன் நோண்டறீங்க? ஆபீசுக்கு நேரமாகலையா?" என்று டிபன் பாக்ஸோடு வந்தாள் கோமளா.

"அடுத்த பாடல், வேலை போனதை மனைவியிடம் சொல்ல முடியாமல் தவிக்கும் தணிகாசலத்துக்காக," என்றது ரேடியோ.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"விரும்பிக் கேட்டவர், அது தெரிந்தும் தினமும் டிபன் பாக்ஸ் கட்டித் தரும் கோமளா."

பாட்டு தொடங்கியது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ரேடியோவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.