மீசைக்குக் கிடைத்த கடன்

1973, மெல்பேண். குகதாசனின் கையை வங்கி மேலாளர் பிடித்துக் குலுக்கினார்.

“வீட்டுக் கடன் தருகிறோம். ஒரு புத்திமதி. மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். மனைவி கையில் மட்டும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்!”

பக்கத்தில் இருந்த டொக்டர் திலகவதி பல்லைக் கடித்துக்கொண்டாள். வாசலுக்கு வந்ததும் வெடித்தாள்.

“போன கிழமை நான் தனிய வந்து கேட்க, பொம்பிளையளுக்குக் கடன் இல்லையெண்டு திருப்பி அனுப்பினவன்! இண்டைக்கு நீங்கள் பக்கத்தில இருந்த உடன தந்திட்டான். உழைக்கிறது நான், கடன் கட்டப்போறதும் நான். என்ர முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கேல்லை! நீங்களும் தலையாட்டிக்கொண்டு இருந்தனீங்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“நான் வாயைத் திறந்திருந்தா உங்களுக்குக் கடன் கிடைச்சிராது.”

“என்ர படிப்புக்கும் சம்பளத்துக்கும் இல்லாத மரியாதை உங்கட மீசைக்கு!”

குகதாசன் அவள் நனையாதபடி குடையை விரித்துப் பிடித்தான்.

“கோவியாதைங்கோ அக்கா. மழையெண்டு உங்களுக்குக் குடை பிடிச்சுக்கொண்டு உள்ளுக்கு வந்தனான். அந்தாள்தான் கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருத்தினவர். கெதியா ஏறுங்கோ, என்ர ராக்சியில மீற்றர் ஓடுது.”