பச்சைப் பக்கம்

"பச்சையா, சிவப்பா? ஏதாவது ஒரு பக்கமா வைங்கம்மா. இப்படி நிமிர்த்தி வச்சா நாங்க வர்றதா, போறதா?"

க்ளேசி அந்த இருநிற வட்ட வில்லையைப் பச்சை மேலே தெரியும்படி ஹோட்டல் மேசையில் படுக்க வைத்தாள். பச்சை இருக்கும்வரை கறி வந்துகொண்டே இருக்கும். சிவப்பு வைத்தால் பரிமாறுகிறவர்கள் யாரும் கிட்டே வர மாட்டார்கள்.

கறி கோத்த கம்பியோடு நின்று கேட்ட ஆளின் சட்டையில் வால்மோர் என்று பெயர் தைத்திருந்தது. தொளதொளவென்ற கால்சட்டை, கழுத்தில் சிவப்புத் துண்டு, இடது கையில் கத்தி. கம்பியிலிருந்து சாசேஜைத் தட்டில் தள்ளும்போது ஒன்று தவறி மேசை விரிப்பில் உருண்டது.

"வேலைக்குப் புதுசா?" என்றாள்.

"பழைய ஆளுதாம்மா. இன்னிக்குக் கை சொன்ன பேச்சு கேக்கல."

"பரவால்ல. இன்னும் ரெண்டு வைங்க."

"நம்ம தெற்குப் பக்கத்துப் பேச்சா இருக்கு. ஆனா தெற்கத்தி ஆளுங்க சாசேஜ்ல வயித்தை ரொப்ப மாட்டாங்களே. நல்ல கறி வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

"எனக்கு எல்லாம் வேணும். ஒண்ணு விடாம கொண்டாங்க. இந்தக் கால்சட்டை என்ன வேஷம்? எங்க ஊர்ல திருவிழாவுக்குத்தான் போடுவாங்க."

"சாவோ பாவ்லோவுல தினமும் திருவிழாதாம்மா."

கல்லாவில் இருந்த முதலாளி டார்சி தொண்டையைச் செருமினார். ஞாயிற்றுக்கிழமை மதியம், கூடம் நிறைந்து கிடந்தது. பரிமாறுகிறவன் ஒரே மேசையில் நின்று கதை பேசினால் அவருக்கு ஆகாது. வால்மோர் அடுத்த மேசைக்கு நகர்ந்தான்.

மறுபடி வந்தபோது கம்பி நிறையக் கோழி இதயங்கள்.

"எதிர் நாற்காலி காலியா இருக்கே?" என்றான்.

"என் வீட்டுக்காரருக்கு. உக்காருவாரான்னு தெரியல." க்ளேசி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "அவரைக் கூட்டிட்டுப் போகத்தான் ராவும் பகலும் பஸ்ல வந்தேன். சாயங்காலம் திரும்பற பஸ்ஸுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்து வச்சிருக்கேன்."

"அவர் வரலன்னா?"

"ஒரு சீட் காலியா போகும். அதுக்கப்புறம் வாங்கன்னு நான் கூப்பிட மாட்டேன்."

வால்மோர் கம்பியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தான். அடுத்த முறை மாட்டுத் திமில் கறி கொண்டு வந்தான். மெல்லிசாகச் சீவினான், அவசரமில்லாமல்.

"இந்த ஊர்ல என்ன பண்றாரு அவரு?"

"இந்த மாதிரி ஒரு ஹோட்டல்லதான் கறி தூக்கறாரு. எங்க மலையில பையனுக்கு மீசை முளைச்சா கறி சீவற கத்தியைத் தூக்கிட்டு வடக்கே கிளம்பிடுவான். இவரு மீசை நரைக்கறப்பக் கிளம்பினாரு. அடுத்த அறுவடைக்கு வந்துடறேன்னாரு. அதுக்கப்புறம் எத்தனையோ தரம் சோளம் அறுத்தாச்சு."

"சொந்தமா ஒரு ஹோட்டல் போட்டு, கார்ல வந்து இறங்கணும்னு நெனச்சிருப்பாரு. வெறும் பையைத் தூக்கிட்டு ஊருக்குள்ள நடக்க வெக்கமா இருக்கும்."

"காரை யாரு கேட்டா? எங்க வீட்டு மேட்டுல காரு ஏறாது. ஆளு ஏறினா போதும்."

வால்மோர் சிரித்தான். சிரித்துவிட்டுக் குனிந்து, தேவையே இல்லாமல் கத்தியைத் துடைத்தான்.

"பசங்க... எப்படி இருக்காங்க?"

"ஒருத்தன்தான். நான் கிளம்பறப்ப அவனையும் கூட்டிட்டு வரலயேன்னு அழுதான். சுவத்துல அவன் அப்பா படம் இருக்கு, இடுப்பு வரைக்கும்தான். அப்பாவுக்குக் கால் எப்படி இருக்கும்னு கேக்கறான். உன்னோடது மாதிரிதான்டா, நிக்காம ஓடும்னு சொன்னேன்."

"வால்மோர்! ஜன்னல் மேசை காத்திட்டிருக்கு," என்று டார்சி குரல் கொடுத்தார்.

அதன் பிறகு வெகுநேரம் அவன் வரவில்லை. வேறு ஆட்கள் வந்து பன்றி, ஆடு, விலா எலும்பு என்று வைத்துவிட்டுப் போனார்கள். க்ளேசி வாயில் போட்டதை மென்றுகொண்டே இருந்தாள். தட்டில் கறி ஆறி, கொழுப்பு வெள்ளையாக உறைந்தது.

"சிவப்பாக்கிடுங்கம்மா, தட்டுல இடமில்ல," என்றான் ஒருவன்.

"இருக்கட்டும்," என்று வில்லை மேல் கையை வைத்துக்கொண்டாள்.

கடிகாரத்தைப் பார்த்தாள். பஸ் நிலையம் கிட்டத்தில் இல்லை. பையை எடுத்து மடியில் வைத்தபோது, பின்தொடைக் கறியோடு வால்மோர் வந்து நின்றான். எல்லோரும் காத்திருக்கும் நல்ல கறி அதுதான்.

"இனி ஒரு வாய்கூட உள்ள போகாது உங்களுக்கு. இன்னும் எதுக்குப் பச்சை?"

"சிவப்பு வச்சா நீங்க வர மாட்டீங்களே."

வால்மோரின் கத்தி கறியில் பாதி இறங்கி நின்றுவிட்டது. கம்பியிலிருந்து கொழுப்பு சொட்டுச் சொட்டாக விரிப்பில் விழுந்தது. டார்சி கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"இங்க என்னய்யா மாநாடு?"

வால்மோர் கம்பியை அப்படியே அவர் கையில் கொடுத்தான். கழுத்துத் துண்டை அவிழ்த்தான். காலையிலிருந்து நின்ற கால்களை மடக்கி, அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சாப்பிட வந்தவங்க மேசையில உக்கார்ற? பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"இவ என் பொண்டாட்டி, முதலாளி," என்ற வால்மோர், இடது கையால் வில்லையைச் சிவப்பாகத் திருப்பி வைத்துவிட்டு, தட்டில் ஆறிக் கிடந்த சாசேஜில் ஒன்றை எடுத்துக் கடித்தான். "க்ளேசி, அந்த ரெண்டாவது டிக்கெட் ஜன்னலோரமா?"