இளைத்த எடைக்கல்

காலை ஏழேகால். உக்கடம் பேருந்து நிலையத்துக்கு வெளியே, தள்ளுவண்டியில் அப்துல் முத்தலிப் பூண்டு நிறுக்கிறார். தராசின் ஒரு தட்டில் எடைக்கல்லுக்குப் பதிலாக ஒரு பிஸ்கட் பாக்கெட். நூறு கிராம் கல் தொலைந்து மூன்று மாதமாகிறது. பாக்கெட் நமத்துப்போனால் தேநீரில் தொட்டுத் தின்றுவிட்டு, அதே விலைக்கு இன்னொன்று வாங்கி வைப்பார். தராசு முள் நேராக நிற்கிறது. மஞ்சள் தாளில் வெயில் மினுங்குகிறது. பூண்டுக்குப் பையை விரித்து நிற்கும் சென்னியம்மாள் பாக்கெட்டை எடுத்துத் திருப்பிக் கண்ணருகே கொண்டுபோகிறார்.

“ஏனுங்க பாய், இதுல எண்பத்தஞ்சு கிராம்னு போட்டிருக்குதுங்க.”

“நூறுங்க அம்மணி. அதே பாக்கெட்டு, அதே வெலைதானுங்க.”

“அப்ப உங்க கல்லு எளைச்சுப் போச்சுங்க.”

சிரித்துக்கொண்டே பாக்கெட்டைத் திரும்ப வாங்கிய முத்தலிப் பொடி எழுத்தை விரலால் தடவிப் படிக்கிறார். சிரிப்பு நிற்கிறது. பாக்கெட்டைத் தட்டில் வைத்து, எதிர்த்தட்டில் இரண்டு பூண்டு கூடுதலாகப் போடுகிறார். பூண்டுத் தட்டு தாழ்கிறது. சற்றுமுன் பூண்டு வாங்கிய பெண் சாலைக்கு அப்பால் பொள்ளாச்சிப் பேருந்தில் ஏறுகிறாள்.

“அம்மணி, இது என்னைக்கிருந்துங்க எளைச்சுது? எத்தனை பேருக்குக் கொறச்சுக் குடுத்துப்போட்டனோ?”