காதில் விழாத சம்மதம்

மாலை வெயில் கண்ணாடிக் கதவைத் தாண்டி, கம்ப்யூட்டர் கடை மேசைமேல் இருக்கும் இரண்டு பிராசஸர் சில்லுகளில் மின்னுகிறது. சாதாரணமானது தீப்பெட்டி அளவு. பல பேருக்கு ஒரே நேரத்தில் வேலை செய்யும் சர்வர் கம்ப்யூட்டர்களுக்கான பிராசஸர் உள்ளங்கையை நிறைக்கிறது. வாங்க வந்திருக்கும், கார்ட்டூன் படம் செய்கிறவனின் கண் பெரியதை விட்டு நகர மறுக்கிறது. வீட்டில் அவனுடைய அறையிலேயே உட்கார்ந்து கதைகளைத் தன் குரலில் பதிவு செய்கிற மனைவி சிரிக்கிறாள். "நாம இருக்கறதே ரெண்டு பேரு. சர்வர் எதுக்கு, பரிமாறவா?" கடைக்காரர் பெரிய பிராசஸர் போட்ட கம்ப்யூட்டரை ஓடவிடுகிறார். உள்ளே சுழலும் ஃபேன்களின் இரைச்சலில் மேசையே அதிர்கிறது. அவள் உதடு அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. அதை அணைத்துவிட்டுச் சின்னது இருக்கும் கம்ப்யூட்டரைப் போடுகிறார். அவள் வளையல் மேசையில் உரசுவதுகூடக் கேட்கிறது. "அப்போ என்னமோ சொன்னியே?" என்று அவளைக் கேட்கிறான். "இவ்வளவு ஆசைப்படறீங்க, பெரிசையே எடுத்துக்கோங்கன்னேன்." அவன் கடைக்காரரிடம் திரும்புகிறான். "சின்னதையே குடுத்துடுங்க."