சான்றிதழ் இருந்த இடம்

பதினாறாவது தடவையும் அதே சிவப்பு வரி.

சான்றிதழ் கோப்பு கிடைக்கவில்லை.

மருத்துவமனை ரத்த வங்கியின் கணினி அறையில் அவள் கீபோர்டைத் தள்ளிவிட்டாள். காலை ஒன்பதிலிருந்து இதே பாடு.

மற்ற ரத்த வங்கிகளில் என்ன இருப்பு என்று காட்டும் மென்பொருள். எதிரே பேசுவது உண்மையான வங்கிதானா என்று உறுதிசெய்ய அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் கணினியில் இருக்கிறது. மென்பொருளோடு சேர்ந்தே வந்து இறங்கியதுதான். அது இருக்கும் இடத்துக்கு எந்தப் பாதையைக் கொடுத்தாலும் மென்பொருள் அங்கே போய்ப் பார்க்க மாட்டேன் என்கிறது.

கண்ணாடிக்கு அப்பால் நர்ஸ் மெர்சி ஒவ்வொரு மருத்துவமனையாகப் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓ நெகட்டிவ். பிரசவ வார்டில் ஒருத்திக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை.

நிர்வாகி எட்டிப்பார்த்தார்.

"அந்தச் சரிபார்ப்பையே ஆஃப் பண்ணிவிடுங்களேன். ஒரு வரிதானாமே."

ஒரு வரிதான். அப்புறம் எவன் என்ன பட்டியல் அனுப்பினாலும் அது நம்பிவிடும்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். முடியாது.

இதைச் சரிசெய்ய அருமைநாயகத்துக்குத் தெரியும். பதினோரு வருடம் இந்த நாற்காலியில் இருந்தவர். ஆள்குறைப்பு என்று போன வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டார்கள். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் அவருடைய கணினிக் கணக்கை, அதிலிருந்த கோப்புகளோடு அழிக்கச் சொன்னார்கள்.

அழித்தது அவள்தான்.

போனை எடுத்தாள். வைத்தாள். திரும்ப எடுத்தாள்.

"சொல்லுங்க மேடம்."

சொன்னாள்.

"சர்டிபிகேட் என் ஃபோல்டர்லதான இருந்துச்சு. அப்டேட் வந்தா பாதை மாறிருதுன்னு அங்க ஒரு காப்பி வச்சிருந்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அழிச்சாச்சோ?"

அவள் கீபோர்டை அருகில் இழுத்துக்கொண்டாள்.

"சரி, விடுங்க. செட்டிங்ஸ் ரெண்டு எடத்துல இருக்கு. ஒண்ண மட்டும் மாத்துனா எடுக்காது. ரெண்டையும் திறங்க. நான் சொல்லச் சொல்ல அடிங்க."

எழுத்தெழுத்தாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் யாரோ ஒரு பெண்ணின் குரல்.

"இன்டர்வியூக்கு அருமைநாயகம் வந்திருக்காரா?"

"சார், உங்களக் கூப்பிடுறாங்க," என்றாள் இவள்.

"சாய்கோடு போட்டீங்களா? அடுத்தது எல்லாம் சின்ன எழுத்து."

மறுபடியும் கூப்பிட்டார்கள். அவர் அவசரப்படவில்லை. கடைசி எழுத்தை இரண்டு தரம் சொன்னார்.

பட்டியல் விரிந்தது. ஓ நெகட்டிவ், மூன்று பை, பாளையங்கோட்டை. மெர்சி ஓடினாள்.

"வந்துருச்சு சார்."

"நல்லது."

அங்கே அந்தப் பெண் குரல் வேறொரு பெயரை அழைத்தது.