விடுபட்டுப்போன சுலெய்தி

பிரேசிலின் ரெசிஃபி நகரில், பேய் நாவல்கள் எழுதும் வால்டெமீரோ எங்கள் தெருக்காரர்களை ஒவ்வொருவராகத் தன் கதைகளில் கொன்றிருக்கிறார். அப்படிச் செத்தவர்களெல்லாம் நோய்நொடி இல்லாமல் குத்துக்கல்லாட்டம் இருக்கிறோம். சுலெய்தியை மட்டும் கொல்லவில்லை. "உங்க கதையில பயமே வரலியே" என்று ஒருமுறை சொல்லிவிட்டாளாம்.

அவளுக்கு இதய ஆபரேஷன் குறித்திருந்தபோது வால்டெமீரோ செத்துப்போனார். "போறதுக்கு முன்னாடி என்னையும் கொன்னுட்டுப் போயிருக்கக் கூடாதா, படுபாவி!" என்று சவப்பெட்டியருகே கத்தினாள்.

அடுத்த வாரம், சந்தையில் கதைப் புத்தகங்களைத் தொங்கவிட்டு விற்கும் கயிற்றில் அவருடைய புது நாவல் தொங்கியது. அதில் சுலெய்தியை ஆற்றுப்பேய் விழுங்கியிருந்தது.

ஆபரேஷன் முடிந்து தெம்பாகத் திரும்பியவள், மரவள்ளிக் கேக்கோடு அவர் மனைவி இராசேமாவிடம் போனாள். வேடிக்கை பார்க்க நானும் ஒட்டிக்கொண்டேன்.

"எனக்கெதுக்குடி நன்றி? கேக்கை அந்த ரூம் வாசல்ல வச்சிட்டுப் போ," என்றாள் இராசேமா. "எழுதும்போது கதவைத் தட்டினா கோவிச்சுக்குவாரு."